இரண்டாவது ஸ்குரூ

என் கணவருக்கு உதியன்குளங்கரை சந்திப்பில் டூவீலர் ஒர்க்ஷாப். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இரும்பின்மேல் சுத்தியல் விழும் சத்தத்தோடுதான் இருக்கிறேன். கடையில் முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். முற்றத்தில் எப்போதும் யாருடைய பைக்காவது பாதி பிரிந்து நிற்கும். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலைத்தான் தந்திருக்கிறது. அதற்குப் பயப்பட ஆரம்பித்தது போன மழைக்காலம் முடிந்து ரப்பர் பால் வெட்டு மறுபடி தொடங்கிய வாரத்தில்.

எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய, கேரளத்துக் குன்னத்துகாலில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் ரப்பர் உண்டு. விடியும் முன்பே கணவர் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டிவிட்டு வருவார். பாலைச் சேர்த்து ஆசிட் கலந்து தட்டுகளில் உறைய வைப்பது என் வேலை. மறுநாள் காலையில் உறைந்த கட்டியை மெஷினில் போட்டு ஷீட் அடிப்போம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்பு ரோலர்கள், பக்கத்தில் பல்சக்கரம், கையால் சுற்றுகிற கைப்பிடி. அவ்வளவுதான் மெஷின். ஒருவர் சுற்ற வேண்டும், ஒருவர் கட்டியை உள்ளே கொடுக்க வேண்டும். எப்போதும் அவர் சுற்றுவார், நான் கொடுப்பேன்.

மேல் ரோலரை ஏற்றி இறக்குவதற்கென்று மெஷினிலேயே இருந்த திருகு எப்போதோ தேய்ந்துபோயிற்று. அதனால் ரோலரின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு இரும்புத் தகடு வைத்து, தலையில் கூட்டல் குறி போல வெட்டுள்ள தடித்த ஸ்டார் ஸ்குரூ இரண்டிரண்டு போட்டு அவரே இறுக்கி வைத்திருந்தார். பிறகு அதை யாரும் தொடவில்லை. ஆசிட் தண்ணீர் தினமும் தெறித்து ஸ்குரூக்களின் தலை மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் துருவோடு துருவாகக் கலந்துவிட்டது.

அன்று காலை அவர் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மார்த்தாண்டம் போய்விட்டார். கட்டியை அப்படியே விட்டால் இறுகிவிடும். வீட்டில் அவருடைய தங்கை இருந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள், அன்று அவளுக்கு லீவு. கொஞ்சம் சுற்றித் தருகிறாயா என்று கேட்டேன். மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தாள். ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையான புகைப்புரையில்தான் மெஷின் நிற்கிறது, அந்தப் புகை நாற்றமும் ஆசிட் நாற்றமும் அவளுக்கு ஆகாது. சுடிதாரின் துப்பட்டாவை மூக்கின்மேல் கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள்.

முதல் நான்கைந்து கட்டிகள் ஒழுங்காகப் போயின. அடுத்த கட்டியின் ஓரம் மடிந்திருந்தது. மடிப்பை நிமிர்த்திவிடலாம் என்று விரலால் தள்ளினேன். கை முழுக்க வழுவழுப்பு. மடிப்புக்குள் சிக்கிய விரல்களை ரப்பரே உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று.

வலி உடனே வரவில்லை. சில்லென்று ஒன்று கைக்குள் ஏறியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் பதறிப்போய் கைப்பிடியைப் பின்பக்கமாக முழு பலத்தோடு வெட்டி இழுத்தாள். பல்சக்கரத்தில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. கைப்பிடி பாதி வழியில் நின்றது. பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. உடைந்த பல் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணு வரைக்கும் உள்ளே இருந்தன. மேல் ரோலரின் இடது முனையை ஒட்டிய இடம் அது.

“மைனி, இழுங்க மைனி,” என்றாள்.

“இழுத்தா வராது. தொடாத. நீ எதையும் தொடாத பிள்ளே.”

அப்போதுதான் வலி வந்தது. கை முழுவதும் தோள் வரைக்கும் தீ. முழங்கால் மடங்கியது. மடங்கினால் உடம்பின் பாரம் முழுவதும் விரலில் வரும் என்று தெரிந்தது. இடது கையால் மெஷினின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே விழுந்துவிடுவேனோ என்ற பயம்தான் முதலில் வந்தது. மயக்கம் வந்தால் என்ன ஆகும்? நான் கீழே விழுவேன், விரல் மெஷினில் இருக்கும்.

அவள் வீட்டுக்கு ஓடி போனை எடுத்து வந்தாள். போகும்போது பக்கத்து வீட்டைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அங்கே யாரும் இல்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் காலையிலேயே போயிருந்தார்கள். ஃபயர்ஃபோர்ஸுக்கு அழைத்து மலையாளத்தில் வழி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே வழி குழம்பியது. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதையில் ஆட்டோவே திணறித்தான் ஏறும். பிறகு அண்ணனை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்து வைத்த வாளியின்மேல் போனை வைத்தாள்.

“எந்தக் கை?” என்று கேட்டார். நான் சொன்னேன். “ரோலர் பின்னால திரும்புதா?”

“பல்லு ஒடஞ்சு இறுகிப் போச்சு.”

அந்தப் பக்கம் வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டது. எந்த வண்டி எங்கே நின்றாலும் போனிலேயே கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர், மெஷினை விட்டுவிட்டு விரலைப் பற்றிக் கேட்டது எனக்குப் பயமாக இருந்தது.

“விரலு என்ன நிறமா இருக்கு?” என்றார்.

நான் பார்க்கவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். “நீலமா வருது அண்ணே,” என்றாள்.

“சரி மக்கா. நான் வாறேன். மார்த்தாண்டத்துல பாலத்துக்கிட்ட நிக்கேன், பிளாக்கா கிடக்கு. ஃபயர்ஃபோர்ஸும் வரும். ஆனா காத்துட்டு நிக்காண்டாம். நான் சொல்லுகத மட்டும் செய். இடது பக்கத்துல ரோலருக்கு மேல ஒரு தகடு உண்டு. அதுல ரெண்டு ஸ்குரூ. அது ரெண்டும் போச்சுன்னா தகடு வந்திரும். பெறவு பாரக்கம்பி வெச்சு ரோலர நெம்பினா போரும். கேட்டியா?”

அவள் சமையலறையிலிருந்து ஒரு சாதாரண ஸ்குரூடிரைவரைக் கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். நுனி வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. ஸ்குரூ தலையிலிருந்து பளபளவென்று இரும்புத்தூள் உதிர்ந்தது.

“தேயுதா?” என்று போனிலிருந்து கேட்டார்.

“ஆமா.”

“நிறுத்து. நிறுத்து மக்கா. தலை போச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது. புரையில என் பழைய டூல் பெட்டி கிடக்கில்லியா, அதத் தொற. கறுத்த கவருக்குள்ள தடியா ஒண்ணு இருக்கும். அது இம்பாக்ட் டிரைவராக்கும்.”

அதை எனக்குத் தெரியும். பார்க்கப் பருத்த ஸ்குரூடிரைவர் மாதிரி இருக்கும், முழுக்க இரும்பு. நுனியில் பிட் என்கிற முனைத்துண்டைச் செருகி, இறுகிப்போன ஸ்குரூவின் தலையில் நிறுத்தி, பின்னாலிருந்து சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். அடி விழும்போது நுனி தானாகக் கொஞ்சம் திரும்பும். அந்த அடியே பிட்டைத் தலைக்குள் அழுத்திப் பிடிப்பதால் வழுக்காது. கையால் அசைக்க முடியாததை அது அசைத்துவிடும். முற்றத்தில் அவர் அதை அடிக்கும்போது அடுக்களையில் தட்டுகள் அதிரும்.

அந்த அடி என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் விழப்போகிறது என்று அப்போது புரிந்தது.

“வேண்டாம்,” என்றேன். “ஃபயர்ஃபோர்ஸ் வரட்டு.”

அதற்குள் அவள் டிரைவரையும் ஒரு சுத்தியலையும் எடுத்து வந்துவிட்டாள். அவர் என்னை விட்டுத் தங்கையிடம்தான் பேசினார். “ஸ்டார் பிட்டப் போட்டியா? இனி அது எந்தப் பக்கம் திரும்பும்னு பாக்கணும். அதுக்கு ரெண்டு பக்கமும் உண்டு, முறுக்கவும் செய்யும், கழட்டவும் செய்யும். முறுக்குகதுல கிடந்துச்சுன்னா நீ அடிக்க அடிக்க இறுகும்.”

“அதுல எழுதியிருக்கா அண்ணே?”

“எழுத்தெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு. ஒரு பலகையில வெச்சு அடிச்சுப் பாரு.”

அவள் தரையில் உட்கார்ந்து, தட்டுகளுக்கு அடியில் போடும் பலகையை இழுத்து, அதன்மேல் வைத்து அடித்தாள். எந்தப் பக்கம் திரும்பியது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி அடித்தாள். “வலது பக்கம்னு தோணுது,” என்றாள். தோணுது என்ற அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. டிரைவரை அமுக்கிக்கொண்டு மறுபக்கம் திருப்பச் சொன்னார் அவர். திருப்பினாள், அடித்துப் பார்த்தாள். பலகையில் விழுந்த வடுவை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு முறை என் கண் முன்னாலேயே அடிக்கச் சொன்னேன். பிட் இடது பக்கம் திரும்பியது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“இடது,” என்றேன்.

“அப்ப சரி. இனி நான் வண்டி எடுக்கேன், பேச முடியாது. பைய அடிக்காத மக்கா. பைய அடிச்சா தலை தேயும். ஒரே அடி, நல்லா ஓங்கி அடி,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.



அவள் முதல் ஸ்குரூவில் டிரைவரை நிறுத்தினாள். அது என் கையிலிருந்து கொஞ்சம் விலகி, தகட்டின் வெளி ஓரத்தில் இருந்தது. முதல் அடியை மெதுவாக அடித்தாள். அண்ணன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும், கைதான் கேட்கவில்லை. அந்த மெல்லிய அடியே ரோலர் வழியாக என் எலும்புக்குள் இறங்கியது. நான் கத்திவிட்டேன். அவள் சுத்தியலைக் கீழே இறக்கினாள்.

“அடி,” என்றேன். “நான் கத்தினாலும் அடி.”

இரண்டாவது அடியை ஓங்கி அடித்தாள். மூன்றாவதையும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் என் உடம்பு முழுவதும் இறுகும். பிறகு அடி. விரலுக்குள் யாரோ ஆணியை வைத்துத் தட்டுகிற மாதிரி இருந்தது. எத்தனை அடி என்று தெரியாது. ஒரு கட்டத்தில் துரு பொடிப்பொடியாகத் தகட்டின்மேல் விழுந்தது. அவள் சாதாரண ஸ்குரூடிரைவரை எடுத்து வைத்துத் திருகினாள். ஸ்குரூ முனகிக்கொண்டே சுற்றியது. வெளியே எடுத்து என்னிடம் காட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு வர இருந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அடுத்த ஸ்குரூ என் கைக்கு மிக அருகில் இருந்தது.

அதன் தலைதான் முன்பே தேய்ந்தது. பிட் அதில் ஒழுங்காக உட்காரவில்லை. அவள் நிறுத்தினாள், சரித்தாள், மறுபடி நிறுத்தினாள். சுத்தியலை ஓங்கினாள். டிரைவர் துள்ளி ஒருபக்கம் போயிற்று. சுத்தியல் என் மணிக்கட்டைத் தாண்டி ரோலரின்மேல் விழுந்தது. காற்று என் தோலில் பட்டது.

சுத்தியலைக் கீழே போட்டாள். என்னைப் பார்க்காமல் வெளியே நடந்து போய்விட்டாள்.

நான் அவளைக் கூப்பிட்டேன். புரைக்கு வெளியே அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ரப்பர் மரங்களில் காற்று அடித்தது. தூரத்தில் எங்கேயோ ஒரு மீன்காரரின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கத்தினால் அவருக்குக் கேட்குமா என்று நினைத்தேன். கேட்காது. வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை. அவள் ஓடிப்போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். அப்படி ஓடினால் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது என்றும் தோன்றியது. அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் என்னால் சுத்தியலை எடுக்க முடிந்திருக்குமா?

பிறகு தண்ணீர் சத்தம் கேட்டது. அவள் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். துப்பட்டா நனைந்திருந்தது. அதை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

“மைனி, நீங்க என்னைப் பாக்காண்டாம்.”

“என்னத்துக்கு?”

“நீங்க என் கையையே பாத்துட்டு நிக்கிய. அதப் பாத்தா எனக்க கை விறைக்குது. நான் உங்க மூஞ்சிய மூடிருகேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பார்க்காமல் எப்படி நிற்பது? அடி எப்போது விழும் என்று தெரிந்தாலாவது தாங்கலாம். ஆனால் அவள் கண்களைப் பார்த்தேன். என்னைவிட அதிகமாக அவள்தான் பயந்துபோயிருந்தாள். தலையைக் குனிந்து கொடுத்தேன். ஈரத் துப்பட்டாவை என் தலைவழியாகப் போட்டுக் கழுத்துக்குப் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டாள்.

உள்ளே இருட்டு இல்லை, மங்கலான பச்சை வெளிச்சம். அவள் போடும் சென்ட் வாசனையும் ஆசிட் வாசனையும் சேர்ந்து வந்தன. அவள் எதையோ துடைப்பது கேட்டது. பிட்டை ஸ்குரூ தலையில் வைத்து லேசாகத் தட்டித் தட்டி உள்ளே இறக்கினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியில்தான் எனக்கு மூச்சு நின்றது. ஓங்கிவிட்டாளா? இன்னும் ஓங்கவில்லையா? மாதாவே என்றேன், பகவதியே என்றேன், எந்தச் சாமி பெயர் வாயில் வந்ததோ அதைச் சொன்னேன். குளத்தூரில் எனக்கு ஒரு தோழி உண்டு, கடலோரத்துக்காரி. அவள் பயந்தால் மாதாவைத்தான் கூப்பிடுவாள். அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அடி விழுந்தது. மறுபடி விழுந்தது. கண் தெரியாததால் ஒவ்வொரு அடியும் என் தலையிலேயே விழுவது போலிருந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று துப்பட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

திடீரென்று சத்தம் மாறியது. அதுவரை கணீரென்று கேட்ட அடி, மொத்தென்று கேட்டது. முற்றத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஸ்குரூ விட்டுக்கொடுக்கும்போது வரும் சத்தம் அது.

“வந்துட்டு மைனி,” என்றாள். மிக மெதுவாகச் சொன்னாள், உரக்கச் சொன்னால் அது திரும்ப இறுகிவிடும் என்பதுபோல.

தகடு கழன்று தரையில் விழுந்தது. பாரக்கம்பியை ரோலருக்கு அடியில் கொடுத்து அவள் தோளால் நெம்பினாள். முதல் தடவை ரோலர் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அப்போது நான் கத்தினேன், உண்மையிலேயே உயிர்போகிற மாதிரி. இரண்டாவது தடவை அவள் விடவில்லை. “இப்ப எடுங்க, இப்ப எடுங்க,” என்றாள். கையை இழுத்தேன். வந்துவிட்டது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முகத்தில் துணி இருந்தது. அவள் அவிழ்க்க வந்தாள். “அவிழ்க்காத,” என்றேன். கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே இன்னொரு துணியில் என் கையைச் சுற்றிக் கட்டினாள்.

ஃபயர்ஃபோர்ஸ்காரர்கள் வண்டியைக் கீழே ரோட்டிலேயே விட்டுவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, “சேச்சி, பேடிக்கண்டா, கழிஞ்ஞு,” என்றார். பயப்படாதே, முடிந்துவிட்டது என்று சொன்னார். அவர் அதைச் சொன்ன பிறகுதான் முகத்துணியை அவிழ்க்கவிட்டேன். இன்னொருவர் மெஷினைச் சுற்றி வந்து, கழற்றிய தகட்டையும் இம்பாக்ட் டிரைவரையும் பார்த்து, “இது ஆரு செய்தது?” என்று கேட்டார். அவள் கதவோரத்தில் நின்று கையைத் தூக்கினாள், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல.

என் கணவர் வந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். எங்கள் பின்னாலேயே நெய்யாற்றின்கரைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வார்டுக்குள் நின்றார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு விரலிலும் எலும்பு முறிவு, நடுவிரல் நுனியில் ரத்த ஓட்டம் திரும்புமா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார். அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. ஒவ்வொரு தடவை நர்ஸ் கட்டைப் பிரிக்கும்போதும் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். நிறம் வந்தது. விரல் தப்பியது. நடுவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது, நுனியில் உணர்ச்சி கொஞ்சம் குறைவு. சூடு தெரியாமல் இரண்டு முறை கொப்புளம் வந்திருக்கிறது.

அவள் துணிக்கடைக்கு ஒரு வாரம் போகவில்லை. பல்லை உடைத்தது நான்தானே என்று ஒருநாள் சொன்னாள். நான் சொன்னேன்: “நீ ஒடச்ச பல்லு ஒண்ணு. நீ எடுத்துத் தந்த விரலு ரெண்டு.” அதற்கு அவள் சிரிக்கவில்லை. “அந்தச் சுத்தியல் வழுக்கின நேரத்த நான் தினமும் காணுகேன் மைனி,” என்றாள். நானும் காண்கிறேன் என்று சொல்லவில்லை.

மெஷினைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று கணவர் சொன்னார். பாலாகவே விற்றுவிடலாம் என்றும் யோசித்தோம். விலை ஒத்துவரவில்லை. கடைசியில் புதுப் பல்சக்கரம் போட்டு, ரோலருக்கு முன்னால் கம்பித் தடுப்பு வைத்து, ஸ்குரூ எல்லாவற்றையும் மாற்றி கிரீஸ் தடவினார். மாதாமாதம் கழற்றி மாட்டுகிறார்.

இப்போது கட்டியைக் கொடுப்பது அவர், சுற்றுவது நான். இந்தப் பக்கத்தில் நின்றால் பயம் குறையும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கம்பித் தடுப்புவரை அவர் விரல்கள் வந்துவந்து போவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுற்றுகிறேன்.

“கொஞ்சம் வேகமா சுத்து. கடைக்குப் போண்டாமா?” என்கிறார்.

“கையை எடுங்க, சுத்துகேன்,” என்கிறேன். அவர் கையை முழுதாக எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிற வரைக்கும் கைப்பிடியை நான் அசைப்பதில்லை. இப்படிச் செய்தால் காலை முழுக்க இதற்கே போகும் என்று முணுமுணுக்கிறார். ஆனால் கையை எடுத்துக்கொள்கிறார்.